ஞானப்பல்லும் நாவின் அமானிதமும்

 

ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட நூலான 'மின்ஹாஜுத் தாலிபீன்' கிதாபை ஓதியவர்களுக்கு 'தியத்' என்னும் இழப்பீட்டுப் பாடம் நினைவிருக்கும். ஹிஜ்ரி 676ல் (கி.பி. 1277) வபாத்தான இமாம் நவவி (ரஹ்) அவர்கள் அதில் மனித உறுப்புகள் ஒவ்வொன்றுக்கும் உரிய இழப்பீட்டை வகுத்துத் தந்திருக்கிறார்கள். ஓர் உயிருக்கு 100 ஒட்டகங்கள். ஒருவருடைய பல்லை இன்னொருவர் விழச் செய்தால் பல் ஒன்றுக்கு 5 ஒட்டகங்கள். இரண்டு உதடுகளுக்கும் சேர்த்து 100. நாக்குக்கு 100. நாக்கு வாயில் அப்படியே இருக்க, அதன் சுவை மட்டும் போய்விட்டாலும் முழு இழப்பீடு உண்டு என்பது இப்பாடத்தின் சட்டம். இனிப்பு, புளிப்பு, கசப்பு, உவர்ப்பு, நல்ல தண்ணீரின் மதுரம் எனச் சுவை ஐந்தாக எண்ணப்பட்டு, அவற்றில் ஒன்று போனால் அதற்குரிய பங்கு எனவும் கணக்கிடப்படுகிறது.

இப்பாடத்தை முதன்முறை ஓதும் மாணவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். பல்லுக்கு ஐந்துதான், கண்ணுக்குத் தெரியாத சுவைக்கு நூறா என்று கேட்பார்கள். பல் போனால் மற்றப் பற்களைக் கொண்டு சமாளித்துக் கொள்ளலாம். நாவின் உணர்வும் உதட்டின் உணர்வும் போனால் உண்பதும், பருகுவதும், பேசுவதும், ஓதுவதும் மாறிப்போய்விடும். ஒரு பல்லைக் கழற்றப் போன இடத்தில் இந்த உணர்வுகள் எவ்வாறு பாதிக்கப்படலாம், அதிலிருந்து நம்மை எவ்வாறு காத்துக் கொள்ளலாம் என்பதே இம்மாதம் நாம் பேச எடுத்துக்கொண்ட விடயமாகும்.

நவாஜித் என்னும் கடைசிப் பற்கள்

தஜ்வீத் கிதாபுகளில் மனிதனின் 32 பற்களுக்கும் பெயர்கள் உண்டு. தனாயா 4, ருபாஇய்யாத் 4, அன்யாப் 4, ளவாஹிக் 4, தவாஹின் 12, நவாஜித் 4. வாயின் நான்கு கோடிகளிலும் கடைசியாக நிற்பவையே நவாஜித். தமிழில் ஞானப்பல் என்கிறோம். பெரும்பாலும் 17 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையில், புத்தி முதிரும் பருவத்தில் முளைப்பதால் இப்பெயர் வந்தது. எனது சுன்னத்தைக் கடைவாய்ப் பற்களால் கவ்விப் பிடியுங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்ன பிரபல்யமான ஹதீஸில் வருவதும் இந்தச் சொல்தான்.

சிலருக்கு இப்பற்கள் முளைப்பதே இல்லை. சிலருக்கு ஒழுங்காக முளைத்து ஆயுள் முழுவதும் தொந்தரவின்றி இருக்கின்றன. இன்னும் சிலருக்குத் தாடையில் இடம் போதாமல், பாதி வெளியேயும் பாதி எலும்புக்குள்ளேயுமாகச் சாய்ந்தோ படுத்தோ கிடக்கின்றன. இவற்றில் கீழ்த்தாடையில் புதைந்து கிடக்கும் பல்தான் இங்கு நாம் கவனிக்க வேண்டியது. ஏனெனில் அதன் அருகில் இரண்டு முக்கியமான நரம்புகள் ஓடுகின்றன.

முதலாவது, கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு குழாயினூடாகச் செல்லும் நரம்பு. கீழ்ப் பற்கள், கீழுதடு, நாடி ஆகியவற்றின் உணர்வு இதனூடாகவே மூளைக்குப் போகிறது. ஞானப்பல்லின் வேர் சிலருக்கு இந்தக் குழாயைத் தொட்டுக்கொண்டும் இருக்கும். இரண்டாவது, பல்லின் உட்புறமாக, நாக்குப் பக்கம், முரசுக்கு (ஈறுக்கு) அடியில் செல்லும் நாக்கு நரம்பு. நாவின் முன் மூன்றில் இரண்டு பங்கின் தொடுவுணர்வும், அதனோடு சேர்ந்து வரும் சுவை நரம்பும் இவ்வழியேதான் செல்கின்றன.

இங்கு ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். இவை உணர்வைத் தரும் நரம்புகள். உதட்டையும் நாக்கையும் அசைக்கும் நரம்புகள் வேறு. ஆகவே இந்த நரம்புகள் பாதிக்கப்பட்டாலும் வாய் கோணிப்போவதில்லை. ஆனால் அந்தப் பக்கம் விறைத்துப் போகும், அல்லது எறும்பு ஊர்வது போலிருக்கும், சிலருக்கு எரியும். தேநீரின் சூடு தெரியாமல் நாக்கு வெந்து போகும். உதட்டைத் தானே கடித்துக் கொள்வர். வாயோரத்தில் எச்சில் வடிவது தெரியாது. மேற்பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை போய்விடும் என்று நம் ஊர்களில் பரம்பரையாகச் சொல்லப்படும் பயத்துக்கு ஆதாரம் கிடையாது. ஆதாரமுள்ள கவலை கீழ்ப்பக்கத்து ஞானப்பல் பற்றியதே. அதைப் பற்றியோ நம்மவர்கள் எவரும் விசாரிப்பதில்லை.

எவருக்கு ஆபத்து அதிகம்?

கீழ் ஞானப்பல் கழற்றிய எல்லோருக்கும் இது நேர்வதில்லை. பல நாடுகளில் செய்த ஆய்வுகளைப் பார்த்தால், கீழுதட்டு விறைப்பு தற்காலிகமாக ஏற்படுவது நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு என்பதிலிருந்து எட்டுப் பேர் வரை என்று வேறுபடுகிறது. நிரந்தரமாகத் தங்கிவிடுவது பொதுவாக நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவே. அல்ஹம்துலில்லாஹ், பெரும்பாலானோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ உணர்வு திரும்பிவிடுகிறது. ஆனால் இந்த ஆபத்து எல்லோருக்கும் ஒரே அளவானதல்ல. சிலருக்கு மிகக் குறைவு, சிலருக்குக் கூடுதல். அதைத் தீர்மானிக்கும் காரணங்கள் இவை:

ஒன்று, வேருக்கும் நரம்புக் குழாய்க்கும் உள்ள நெருக்கம். காரணங்களில் முதன்மையானது இதுவே. இதை எக்ஸ்ரே படத்தில் ஓரளவு காணலாம். 1990ஆம் ஆண்டு ரூட், ஷெஹாப் என்ற இரு பல் வைத்தியர்கள் வெளியிட்ட ஆய்வு இதற்கான அடையாளங்களைச் சொல்லிக் கொடுத்தது. குழாய் கடக்கும் இடத்தில் வேர் கறுத்துத் தெரிவது, குழாயின் வெள்ளைக் கோடு அறுந்து தெரிவது, குழாய் வளைந்து விலகிச் செல்வது ஆகியவை அவற்றில் முக்கியமானவை. இன்றும் உலகெங்கும் பல் வைத்தியர்கள் இந்த அடையாளங்களைத் தேடுகிறார்கள். இவை தென்பட்டால், தேவைக்கேற்ப முப்பரிமாண ஸ்கேன் படமும் எடுக்கப்படுவதுண்டு.

இரண்டு, பல் கிடக்கும் ஆழமும் கோணமும். எலும்புக்குள் ஆழமாகவும், படுத்த வாக்கிலும் கிடக்கும் பல்லை எடுக்க எலும்பை அதிகம் குடைய வேண்டிவரும். அதனால் ஆபத்தும் கூடும்.

மூன்று, வயது. இருபதுகளின் முற்பகுதியில் சிலருக்கு வேர் முழுமையாக வளர்ந்திராது, எலும்பும் சற்று இளக்கமாக இருக்கும். வயது ஏற ஏற எலும்பு இறுகுகிறது, வேர் நீள்கிறது, பாதிக்கப்பட்ட நரம்பு தேறுவதும் தாமதமாகிறது.

நான்கு, சத்திர சிகிச்சை செய்யும் முறை. பல்லைத் துண்டாக்குவது, எலும்பைக் குடைவது, நாக்குப் பக்கத்து முரசை விலக்கிப் பிடிப்பது போன்றவற்றில் நாக்கு நரம்பு நசுங்க இடமுண்டு.

ஐந்து, செய்பவரின் அனுபவம். புதைந்த பற்களை அடிக்கடி எடுத்துப் பழகிய கைக்கும், எப்போதாவது ஒன்று எடுக்கும் கைக்கும் வித்தியாசம் உண்டு என்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

கடல் நடுவே இருப்பதால்

நமது உச்சமுனையில் இருந்து பல் வைத்தியரிடம் போவதென்றால் முதலில் படகேறிக் கற்பிட்டிக்கு வரவேண்டும். அங்கு முடியாத காரியமென்றால் பாலாவி வழியாகப் புத்தளம் ஆதார வைத்தியசாலைக்குத் தரைவழிப் பயணம். ஒரு பல்லுக்காகப் போனால் அன்றைய தொழில் போய்விடும். காற்றுக் காலமென்றால் சொல்லத் தேவையில்லை. இதன் காரணமாக நம்மவர்கள் இரண்டு விதமாக நடந்து கொள்கிறார்கள்.

ஒரு சாரார் வலி வரும்போதெல்லாம் கராம்பு எண்ணெயும் பெனடோலுமாக ஆண்டுக்கணக்கில் காலத்தை ஓட்டிவிடுகிறார்கள். முரசு வீங்கி, வாய் திறக்க முடியாமற் போய், சீழ் வைத்த பிறகுதான் படகேறுகிறார்கள். வீங்கியிருக்கும் இடத்தில் விறைப்பூசி சரியாகப் பிடிப்பதில்லை என்பதால், அன்று பல்லை எடுக்க முடியாமல் மருந்தைக் கொடுத்துத் திருப்பி அனுப்பவும் நேர்கிறது. இதற்குள் வயது இருபத்திரண்டிலிருந்து நாற்பதாகியிருக்கும். ஆபத்தை ஏற்றும் காரணங்களில் ஒன்றை நாமே தேடிக் கொண்டவர்களாவோம்.

மறு சாரார், வந்ததே வந்தோம், இன்றே பிடுங்கிவிட்டுப் போவோம் என்று வற்புறுத்துகிறார்கள். 'டொக்டர், நாங்க தீவால வாறம், திரும்ப வர ஏலாது' என்று கெஞ்சி, எக்ஸ்ரே எடுக்கவும் பொறுமையின்றி நிற்கிறார்கள். இன்னொரு நாள் வாருங்கள், பெரிய வைத்தியசாலைக்குக் கடிதம் தருகிறேன் என்று ஒரு வைத்தியர் சொன்னால், அவர் தட்டிக் கழிப்பதாக நினைத்துவிடக் கூடாது. உங்கள் நரம்பின் மீதுள்ள அக்கறையினாலேயே அவர் அப்படிச் சொல்லக் கூடும். கொழும்பிலுள்ள தேசிய பல் வைத்தியசாலையும், பேராதனையிலுள்ள பல் போதனா வைத்தியசாலையும் இவ்வாறான சிக்கலான பற்களையும் கவனிக்கும் அரசாங்க நிலையங்கள். பயணச் செலவும் ஒரு நாள் தொழிலும் நட்டம்தான். ஆயினும் ஒரு பக்க நாக்கின் சுவையோடு ஒப்பிட்டால் அது சிறிய நட்டமே.

வெளிநாடு போக இருக்கும் பிள்ளைகளின் வாப்பாமாருக்கும் உம்மாமாருக்கும் ஒரு வார்த்தை. கத்தாருக்கோ சவூதிக்கோ பயணம் சரிவந்த பிறகு, கடைசி வாரத்தில் பல்லைப் பிடுங்க ஓடாதீர்கள். பயணப் பேச்சு தொடங்கும்போதே காட்டுங்கள். கல்யாணத்துக்கு நாள் குறித்த பெண் பிள்ளைகளுக்கும் இதுவே பொருந்தும். பல் எடுத்தபின் திரும்பப் போய்க் காட்டவும் கால அவகாசம் வேண்டும்.

எடுக்கத்தான் வேண்டுமா?

ஞானப்பல் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அதைக் கழற்ற வேண்டியதில்லை. பிரித்தானியாவின் 'நைஸ்' என்னும் சுகாதார வழிகாட்டல் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் இது குறித்து அறிவுறுத்தல் வெளியிட்டது. நோயில்லாத, தொந்தரவு தராத ஞானப்பல்லை முன்னெச்சரிக்கை என்ற பெயரில் எடுக்க வேண்டாம் என்பதே அதன் சாரம். அடைக்க முடியாத சூத்தை, சீழ்க்கட்டு, நீர்க்கட்டி, திரும்பத் திரும்ப வரும் முரசு வீக்கம் போன்ற காரணங்கள் இருந்தால் எடுக்கலாம்.

எடுத்தே ஆகவேண்டும், ஆனால் வேர் நரம்பைத் தொட்டுக் கொண்டிருக்கிறது என்றால் இன்னொரு வழியும் உண்டு. பல்லின் மேற்பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, வேரை அப்படியே விட்டுவிடுவதாகும். லண்டன் கிங்ஸ் கல்லூரியைச் சேர்ந்த பேராசிரியை டாரா ரென்டனும் அவரது குழுவினரும் 2005ல் வெளியிட்ட ஆய்வில், இவ்வாறு வெற்றிகரமாகச் செய்யப்பட்டவர்களுக்கு நரம்புப் பாதிப்பு குறைந்திருப்பது தெரிய வந்தது. வேர் ஆடிப்போன பல்லுக்கும் வேர்வரை கிருமி இறங்கிய பல்லுக்கும் இது பொருந்தாது. பிற்காலத்தில் வேர் மேலெழுந்து மீண்டும் எடுக்க வேண்டிவருவதும் உண்டு. எது பொருத்தம் என்பதை வைத்தியரே சொல்ல வேண்டும். ஆனால் இப்படியொரு வழி இருப்பதை அறிந்தவர்தான் அதைப் பற்றிக் கேட்க முடியும்.

கேட்பது அவமரியாதையா?

வைத்தியரிடம் கேள்வி கேட்பதை நம்மில் பலர் மரியாதைக் குறைவாகக் கருதுகிறோம். நமது மார்க்க அறிஞர்கள் அப்படிக் கருதவில்லை. மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்பவர் விளைவுக்குப் பொறுப்பாவார் என்ற கருத்துள்ள நபிமொழி அபூதாவூத், நஸாயீ, இப்னு மாஜா ஆகிய கிரந்தங்களில் வந்துள்ளது. இதை விளக்கிய இமாம் இப்னுல் கையிம் (ரஹ், வபாத் ஹிஜ்ரி 751) அவர்கள் வைத்தியர்களை வகை பிரித்துச் சட்டம் சொல்கிறார்கள். தொழிலை நன்கறிந்து, நோயாளியின் அனுமதியும் பெற்று, கை தவறாமல் முறைப்படி செய்த வைத்தியர் மீது, முடிவு எதுவானாலும் பொறுப்பு இல்லை. அறிவும் அனுமதியும் இங்கே நிபந்தனைகளாக நிற்பதைக் கவனியுங்கள். எதற்கு அனுமதி கொடுக்கிறோம் என்று தெரியாமல் தலையாட்டுவது அனுமதியாகுமா?

உலகச் சட்டமும் இந்த இடத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறது. பிரித்தானிய உச்ச நீதிமன்றம் 2015ல் மொன்ட்கோமரி வழக்கில், நோயாளி முக்கியமெனக் கருதக்கூடிய ஆபத்துக்களையும் மாற்று வழிகளையும் வைத்தியர் எடுத்துச் சொல்ல வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. அது ஒரு பிரசவம் தொடர்பான வழக்கு. ஆனாலும் பல் வைத்தியத்துக்கும் பொருந்தும் தீர்ப்பாகும்.

பல்லைப் பற்றியே நேராகப் பேசிய நம் முன்னோர் ஒருவரும் இருக்கிறார். ஸ்பெயினின் குர்துபாவில் வாழ்ந்து கி.பி. 1013 அளவில் வபாத்தான அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி (ரஹ்) அவர்கள், 'அத்தஸ்ரீஃப்' என்ற 30 பாகங்கள் கொண்ட மருத்துவ நூலை எழுதினார்கள். அதன் கடைசிப் பாகம் சத்திர சிகிச்சை பற்றியது. பல்லைப் பிடுங்க அவசரப்பட வேண்டாம், வலிக்கும் பல் எதுவென்று உறுதிசெய்து கொள்ளுங்கள், வலி நோயாளியையே ஏமாற்றிவிடும் என்பது அவர்களின் எச்சரிக்கை. அறியாத நாவிதர்கள் முரட்டுத்தனமாகப் பல்லை இழுத்து வேரை உள்ளே உடைத்து வைப்பதையும், தாடை எலும்பைச் சேதப்படுத்துவதையும் கடுமையாகக் கண்டிக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்த நிதானம் இருந்திருக்கிறது.

ஆகவே பல் எடுக்குமுன் பணிவோடு நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இந்தப் பல்லை எடுக்கத்தான் வேண்டுமா? எக்ஸ்ரேயில் வேர் நரம்புக்குப் பக்கத்திலா இருக்கிறது? எனக்கு விறைப்பு தங்கிவிடும் ஆபத்து எவ்வளவு? இதை இங்கேயே செய்யலாமா, பெரிய வைத்தியசாலைக்குப் போகவேண்டுமா? உங்கள் தொழிலையும் சொல்லுங்கள். குர்ஆன் ஓதிக் கொடுப்பவர், பாங்கு சொல்பவர், ஹிஃப்ழ் செய்யும் பிள்ளை என்றால் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். 'ஃபா' என்ற எழுத்து கீழுதட்டின் உட்புறமும் மேல் முன்பற்களின் நுனியும் சேருமிடத்தில் பிறக்கிறது. 'ளாத்' என்ற எழுத்து நாவின் ஓரம் கடைவாய்ப் பற்களோடு சேர்வதால் பிறக்கிறது. விறைத்த உதடும் நாக்கும் அசைந்தாலும், எங்கே படுகிறோம் என்பதை அறியாமல் தடுமாறும்.

விறைப்பு மறுநாளும் இருந்தால்

விறைப்பூசியின் வேலை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். மறுநாள் காலையிலும் உதடோ நாடியோ நாக்கோ விறைத்திருந்தால், அன்றே பல் எடுத்த வைத்தியருக்கு அறிவியுங்கள். இதுதான் இக்கட்டுரையில் நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்பும் விடயம். பெரும்பாலும் அவர் பரிசோதித்து, பாதித்த இடத்தைக் குறித்து வைத்து, காத்திருக்கச் சொல்வார். ஆனால் சிலருக்கு உடனடியாகச் செய்ய வேண்டியது ஏதேனும் இருக்கலாம். நாக்கு நரம்பு அறுபட்டிருந்தால் நுண்சத்திர சிகிச்சை மூலம் இணைக்க முடியும். சில மாதங்களுக்குள் செய்தால்தான் அதில் நல்ல பலனை எதிர்பார்க்கலாம். ஆறு மாதம், ஒரு வருடம் என்று தள்ளிப்போடப் போட வாய்ப்புக் குறைந்து கொண்டே போகும்.

நம்மவர்களோ, அல்லாஹ்வின் கத்ர் என்று சொல்லி மௌனமாகி விடுகிறார்கள். கத்ரை நம்புவது ஈமான். சிகிச்சை தேடுவதும் நபி (ஸல்) அவர்கள் ஏவிய காரியமே. கிராமப்புறத்து அரபிகள் வந்து மருத்துவம் செய்யலாமா என்று கேட்டபோது, செய்யுங்கள் என்றே அனுமதித்தார்கள். வாய் திறந்து சொல்லாமல் இருப்பதற்குப் பொறுமை என்று பெயர் வைக்க வேண்டாம். பல் எதுவும் எடுக்காமலே நாடியோ உதடோ விறைத்தாலும் தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். குறிப்பாக வெற்றிலை, புகையிலை போடுபவர்கள் இதை அலட்சியம் செய்யக் கூடாது.

விறைப்பு நீங்கும்வரை தேநீரையும் கஞ்சியையும் ஆறவைத்துக் குடியுங்கள். விறைக்காத பக்கத்தால் மெல்லுங்கள். முதல் ஒரு நாள் வாயைப் பலமாகக் கொப்பளிக்க வேண்டாம். புண்ணில் உறைந்த இரத்தம் பெயர்ந்துவிடும். வுழூவில் வாய் கொப்பளிப்பது ஷாஃபிஈ மத்ஹபில் சுன்னத் ஆதலால், அந்நேரத்தில் அதை விட்டாலும் வுழூ நிறைவேறும். வாயிலிருந்து இரத்தம் வடிவதால் நம் மத்ஹபில் வுழூ முறிவதில்லை. ஆனால் தொழுமுன் வாயை மெதுவாகச் சுத்தம் செய்து கொள்ளுங்கள். அவசரமில்லாத பல்லை ரமழானின் பகலில் எடுக்காமல் பிற்போடுவதே நல்லது. எடுக்கும்போது இரத்தத்தை விழுங்கிவிட்டால் நோன்பு முறியும். விறைப்பினால் எழுத்துக்கள் சரிவர வராவிட்டால் ஓதுவதை நிறுத்தி விடாதீர்கள். இயலாமைக்கு மார்க்கத்தில் மன்னிப்பு உண்டு. முயற்சிக்குக் கூலியும் உண்டு.

நாவையும் உதடுகளையும் மனிதனுக்குக் கொடுத்ததை அல்லாஹ் தன் அருட்கொடையாகத் திருமறையில் எடுத்துக் காட்டுகிறான். அருட்கொடை ஒவ்வொன்றும் அமானிதம். அதை வைத்தியரின் கையில் ஒப்படைக்குமுன் விசாரிப்பது நம் கடமை. விளக்கிச் சொல்வது வைத்தியரின் கடமை. வல்ல நாயன் நம் அனைவருக்கும் பூரண சுகத்தைத் தந்து, அவனைத் திக்ர் செய்யும் நாவை இறுதி மூச்சுவரை நமக்கு நிலைக்கச் செய்வானாக! ஆமீன்.